யாருமே எழுதாத பரீட்சையில் யாரும் ஃபெயில் இல்லை: பைத்தான் பேக்கேஜும் யூனிட் டெஸ்டும்

அலுவலகத்தில் சர்வர்களை உபுண்டு 22.04-இலிருந்து 24.04-க்கு மாற்றிக்கொண்டிருந்தோம். பைத்தான் 3.10 போய் 3.12 வந்தது. எங்களுக்குள்ளேயே பயன்படுத்தும் பத்துப் பன்னிரண்டு பைத்தான் லைப்ரரிகளை நாங்களே டெப் பேக்கேஜாகக் கட்டி வைத்திருக்கிறோம். அவற்றை மறுபடி கட்டும் வேலை என் தலையில் விழுந்தது. ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக வந்துவிட்டது. அந்த ஒன்று டெஸ்ட் கட்டத்தில் வந்து நின்றது. எக்ஸிட் கோட் 5.

கூட வேலை பார்க்கும் தம்பி ஒருத்தன் எட்டிப் பார்த்துவிட்டு, "3.12ல ஏதோ மாத்திட்டாங்க போலண்ணா, வரிக் கடைசியில ரெண்டு பைப் போட்டு ட்ரூன்னு சேர்த்துடலாமா?" என்றான். ஷெல் தெரியாதவர்களுக்கு: அப்படிச் சேர்த்தால் முன்னால் இருக்கிற கட்டளை எப்படித் தோற்றாலும் ஜெயித்ததாகவே கணக்கு. ராத்திரி ஏழரை மணி. நானும் கிட்டத்தட்டச் சரின்னு சொல்லியிருப்பேன். என்னவோ தோன்றி லாகை மேலே தள்ளிப் பார்த்தேன். 0 டெஸ்ட் ஓடியது என்று இருந்தது.

பழைய லாக்குகளைத் தோண்டினேன். 0 டெஸ்ட், 0.000 நொடி, ஓகே. அதற்கு முந்தையதிலும் அதே. பதினாலு மாதமாக, ஒவ்வொரு முறை கட்டும்போதும், அந்த 'ஓகே'யைப் பார்த்துவிட்டுப் பச்சை விளக்கு எரிந்திருக்கிறது. பில்ட் ஸ்கிரிப்டில் அந்த டெஸ்ட் வரியை எழுதியது நான்தான். கிட்டில் பெயர் இருக்கிறது, யார் தலையிலும் போட முடியாது.

நடந்தது இதுதான். பைத்தானோடு கூடவே வரும் யூனிட்டெஸ்ட், தேடிப் பார்த்து ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்காவிட்டாலும் வெற்றி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. யாருமே எழுதாத பரீட்சையில் யாரும் ஃபெயில் ஆகவில்லை என்கிற மாதிரி. தர்க்கப்படி அதில் தப்பு ஒன்றும் இல்லை. 3.12-இல்தான் இதை மாற்றி, டெஸ்ட் எதுவும் ஓடாவிட்டால் எக்ஸிட் கோட் 5 என்று வைத்தார்கள். பைடெஸ்டில் இதே 5 அதற்குப் பல வருடம் முன்பிருந்தே உண்டு. ஆக, 3.12 எங்கள் பேக்கேஜை உடைக்கவில்லை. உடைந்து கிடந்ததைச் சொல்லிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு சில வாரம் டெபியன், ஃபெடோரா, ஜென்டூ, நிக்ஸ்ஓஎஸ் ஆகியவற்றில் பைத்தான் பேக்கேஜ் கட்டுகிறவர்கள் டெஸ்டை எப்படி ஓட்டுகிறார்கள் என்று படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குறிப்புகளை வைத்து எழுதுவது இது. எந்த ரன்னர் நல்லது என்ற தரவரிசை என் நோக்கம் இல்லை. பேக்கேஜ் கட்டுகிறவருக்கு ஒரு ரன்னரிடம் கேட்க இரண்டு கேள்விதான் இருக்கிறது என்பது என் கட்சி. ஒன்றுமே ஓடாதபோது என்ன சொல்லுவாய்? நீ சோதிப்பது எந்தப் பிரதியை? வசதி, வேகம், அழகான வண்ண வெளியீடு எல்லாம் அதற்கப்புறம்.

முதலில் ஒரு அடிப்படைச் சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். மென்பொருளை எழுதுகிறவர்கள்தான் ஒவ்வொரு கமிட்டுக்கும் டெஸ்ட் ஓட்டுகிறார்களே, பேக்கேஜ் கட்டுகிறவர் எதற்கு மறுபடி ஓட்ட வேண்டும்? அவர்கள் ஓட்டுவது அவர்கள் பூட்டி வைத்திருக்கும் சார்பு லைப்ரரிகளின் பதிப்புகளோடு. டெபியனில் இருப்பதோ டெபியனில் இருக்கும் பதிப்பு, ஃபெடோராவில் இருப்பது ஃபெடோராவின் பதிப்பு. இந்தக் குறிப்பிட்ட சேர்க்கையை உலகத்தில் வேறு யாரும் ஓட்டிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பேக்கேஜ் கட்டுகிறவர் ஓட்டாவிட்டால், அடுத்து அதை ஓட்டப் போவது பயனர்தான்.

சரி, பூஜ்ஜியத்துக்கு எப்படி வந்து சேர்ந்தோம்? யூனிட்டெஸ்டில் டிஸ்கவர் என்று ஒரு வசதி. பைத்தான் 2.7, 3.2 பதிப்புகளில் வந்தது. நடப்பு ஃபோல்டரிலிருந்து தேட ஆரம்பித்து, 'டெஸ்ட்' என்று தொடங்கும் பெயருள்ள கோப்புகளைத் தானே கண்டுபிடித்து ஓட்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது எதையெல்லாம் கண்டுகொள்ளாது என்று பாருங்க.

டெஸ்ட் ஃபோல்டருக்குள் இனிட் கோப்பு இல்லையென்றால் உள்ளே இறங்காது. யூனிட்டெஸ்டின் டெஸ்ட்கேஸ் கிளாஸாக எழுதாமல், பைடெஸ்ட் பாணியில் வெறும் ஃபங்ஷனாக எழுதியிருந்தால் எடுத்துக்கொள்ளாது. கோப்பின் பெயர் 'டெஸ்ட்' என்று முடிந்தால் (தொடங்கினால் அல்ல) அதுவும் போச்சு. இன்னொன்று இதற்கெல்லாம் மேலே: பைபிஐயில் ஏற்றப்படும் சோர்ஸ் டார்பாலில் டெஸ்ட் ஃபோல்டரே இல்லாத லைப்ரரிகள் ஏராளம். கிட் களஞ்சியத்தில் இருக்கும், வெளியீட்டில் இருக்காது. பேக்கேஜ் கட்டுகிறவர் பைபிஐயிலிருந்து இறக்கி, டிஸ்கவர் ஓட்டி, ஓகே வாங்கிக்கொண்டு போயிருப்பார். அதனால்தான் பல விநியோகங்களில் பைபிஐயை விட்டுவிட்டு கிட் டேகிலிருந்து டார்பால் எடுப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

எங்கள் விஷயத்தில் காரணம் இரண்டாவது. லைப்ரரியை எழுதின பெண் ஒரு நாள் எல்லா டெஸ்டையும் பைடெஸ்ட் பாணிக்கு மாற்றியிருக்கிறார். நல்ல காரியம்தான், படிக்கச் சுலபமாக இருந்தது. பில்ட் ஸ்கிரிப்டில் டிஸ்கவர் வரி அப்படியே இருந்தது. அன்றைக்கு 41 டெஸ்ட் 0 ஆனது. யாருக்கும் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

டெபியனின் பைபில்ட் கருவி இந்த இடத்தில் விமர்சனத்துக்குரியது. பேக்கேஜின் கட்டுமானச் சார்புகளில் பைடெஸ்ட் இருந்தால் பைடெஸ்ட், நோஸ் இருந்தால் நோஸ், டாக்ஸ் இருந்தால் டாக்ஸ் என்று அதுவே ஊகித்துக்கொள்ளும். எதுவும் இல்லையென்றால் நீண்ட காலம் அதன் இயல்பு வழி இந்த டிஸ்கவர்தான். ஊகிப்பது பேக்கேஜருக்கு வசதி. ஆனால் சார்புப் பட்டியலில் ஒரு வரி எடுபட்டால் ரன்னரே மாறிவிடும், மாறினது லாகைப் படிக்கிறவருக்கு மட்டும் தெரியும். பச்சையாக முடிந்த பில்டின் லாகை யார் படிக்கிறார்கள்? 3.12 வந்தபோது டெபியனில் இதே எக்ஸிட் கோட் 5-ஆல் நின்ற பேக்கேஜ்களின் பிழை அறிக்கைகளைப் பார்த்தபோது, சொன்னால் அல்பமாக இருக்கும், எனக்கு ஒரு ஆறுதல் வந்தது.

இதில் ஜென்டூவின் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. பேக்கேஜ் எழுதுகிறவர் ‘இதற்கு பைடெஸ்ட்’ அல்லது ‘இதற்கு யூனிட்டெஸ்ட்’ என்று வெளிப்படையாக ஒரு வரி எழுத வேண்டும். எழுதினால் சார்பும் தானாகச் சேரும். ஊகம் கிடையாது. ஒரு வரி கூடுதல் தட்டச்சு, அவ்வளவுதானே.

ஃபெடோராவின் வழிகாட்டி வேறொரு விதத்தில் நேர்மையானது. டெஸ்ட் ஓட்ட வழியில்லாத பேக்கேஜுக்கு, குறைந்தபட்சம் எல்லா மாட்யூலையும் இம்போர்ட் செய்து பார்க்கும் மேக்ரோ ஒன்றைப் போடச் சொல்கிறது. இம்போர்ட் ஆகிறது என்பதற்கு மேல் அது எதையும் நிரூபிக்காது. நிரூபிப்பதாகச் சொல்லவும் இல்லை. டெபியனிலும் இதற்கு இணையான ஒரு தானியங்கி இம்போர்ட் சோதனை உண்டு, அதற்கு மேலோட்டமானது என்றே முத்திரை குத்தியிருக்கிறார்கள். மேலோட்டமான சோதனையை மேலோட்டமானது என்று அழைப்பதில் இருக்கும் ஒழுக்கம் என் டிஸ்கவர் வரியில் இல்லை. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்வேன்: டெஸ்டே ஓட்டாமல், ‘டெஸ்ட் ஓட்டவில்லை’ என்று எழுதி வைத்த பேக்கேஜ், பூஜ்ஜியம் ஓட்டி ஓகே வாங்கின பேக்கேஜைவிட மேல்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எனக்கு உண்மையில் வலித்தது இதுதான்.

பூஜ்ஜியம் தெரிந்ததும் அன்று ராத்திரியே பைடெஸ்டுக்கு மாற்றினேன். 41-உம் ஓடியது, 41-உம் பாஸ். நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அந்த லைப்ரரி பதினாலு மாதத்தில் ஒரு பகுதி காலம் தப்பாகவே வேலை செய்திருக்கிறது. வேலை நாள் கணக்குப் போட்டு டெலிவரி தேதி சொல்கிற லைப்ரரி அது. விடுமுறைப் பட்டியல் ஒரு ஜேசன் கோப்பில் இருக்கும். இடையில் யாரோ அந்தக் கோப்பை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தியிருக்கிறார்கள். பேக்கேஜ் கட்டும் அமைப்பில் அந்தப் புது ஃபோல்டரைச் சேர்க்கவில்லை. ஆக டெப் பேக்கேஜில் ஜேசன் இல்லை. நிரலோ, கோப்பு இல்லையென்றால் காலிப் பட்டியல் என்று எடுத்துக்கொண்டு அமைதியாகப் போய்விடும். விளைவு: வாடிக்கையாளர்களுக்கு மாட்டுப்பொங்கல் அன்று டெலிவரி என்று தேதி போயிருக்கிறது. அந்த ஜனவரியில் கஸ்டமர் கேரில் உட்கார்ந்திருந்தவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்ட திட்டுக்கு லாரிக்காரர்கள் தாமதம்தான் காரணம் என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

இதைச் சோதிக்கும் டெஸ்ட் அந்த 41-இல் இருந்தது. பெயர் சொல்லி, பொங்கல் விடுமுறைதானா என்று கேட்கும் டெஸ்ட். அதுவும் பாஸ். ஏனென்றால் அது ஓடியது சோர்ஸ் ஃபோல்டரில், அங்கே ஜேசன் பத்திரமாக இருந்தது. அடுப்படியில் ருசி பார்த்து உப்பு சரி என்று சொல்லியாச்சு. பந்தியில் இலைக்கு வந்த சாம்பார் வேறு பாத்திரத்தில் இருந்து வந்தது.

பேக்கேஜ் கட்டுகிறவர் சோதிக்க வேண்டியது இலையில் விழுந்ததை. அதாவது கட்டி முடித்து, நிறுவப்படப்போகும் பிரதியை. இது சி எக்ஸ்டென்ஷன் உள்ள லைப்ரரிகளில் உடனே தெரிந்துவிடும். சோர்ஸ் ஃபோல்டரில் கம்பைல் ஆன மாட்யூல் இருக்காது, அதனால் இம்போர்ட் தடுக்கி விழும். நம்பையை அதன் சோர்ஸ் ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு இம்போர்ட் செய்தால், இங்கிருந்து செய்யாதே, வெளியே போ என்று சொல்லும் பிழைச் செய்தியே வைத்திருக்கிறார்கள். ஆபத்து சுத்தப் பைத்தான் லைப்ரரிகளில்தான். அங்கே எந்தப் பிரதியை எடுத்தாலும் ஓடும்.

பைடெஸ்டில் இதற்கு ஒரு நுட்பமான பொறி இருக்கிறது, எனக்குப் புரியவே ஒரு சாயங்காலம் ஆனது. பைத்தான் வழியாக மாட்யூலாக பைடெஸ்டை அழைத்தால் நடப்பு ஃபோல்டர் தேடல் பாதையில் முதலில் சேரும். பைடெஸ்ட் என்று நேரடியாக அழைத்தால் சேராது. சரி, நேரடியாகவே அழைப்போம், பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். தீராது. பைடெஸ்டின் இயல்பான இம்போர்ட் முறையில், டெஸ்ட் கோப்பிலிருந்து மேலே ஏறிப்போய், இனிட் கோப்பு இல்லாத முதல் ஃபோல்டரைத் தேடல் பாதையின் தலையில் வைக்கும். டெஸ்ட் ஃபோல்டரில் இனிட் இருந்தால்? அடுத்த மேல் ஃபோல்டர், அதாவது சோர்ஸின் வேர், பாதையில் முதலில் வந்து நிற்கும். லைப்ரரி அங்கேயே கிடந்தால் சோர்ஸ் பிரதிதான் இம்போர்ட் ஆகும்.

கவனியுங்க: யூனிட்டெஸ்ட் டிஸ்கவர் டெஸ்டைக் கண்டுபிடிக்க எந்த இனிட் கோப்பு வேண்டுமோ, அதே கோப்புதான் பைடெஸ்டைத் தப்பான பிரதிக்குக் கூட்டிப்போகிறது. எங்கள் லைப்ரரியில் அந்தக் கோப்பு இருந்தது, டிஸ்கவர் காலத்து மிச்சமாக.

இதற்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் செய்யக்கூடிய நல்ல தீர்வு, லைப்ரரியை எஸ்ஆர்சி என்ற உள் ஃபோல்டரில் வைப்பது. அப்போது வேரிலிருந்து அது கண்ணுக்கே தெரியாது. பேக்கேஜர்கள் செய்யும் முரட்டு வழி ஜென்டூவில் அடிக்கடி காணக் கிடைக்கிறது: டெஸ்ட் ஓட்டுவதற்கு முன் சோர்ஸில் இருக்கும் லைப்ரரி ஃபோல்டரையே அழித்துவிடுவது. முதலில் பார்த்தபோது, இதென்ன காட்டடி என்று நினைத்தேன். இப்போது அதைவிடத் தெளிவான வழி இல்லை என்றே படுகிறது. இல்லாத பிரதியைத் தப்பித் தவறிக்கூட யாரும் சோதிக்க முடியாது. டெபியனின் பைபில்டை முன்னால் திட்டினேன் அல்லவா, இந்த விஷயத்தில் அதற்கு முழு மதிப்பெண்: கட்டி முடித்த பிரதி இருக்கும் ஃபோல்டருக்குப் போய்த்தான் டெஸ்டை ஓட்டும். நான் அதைப் பயன்படுத்தாமல் சொந்த ஸ்கிரிப்ட் எழுதினது என் புத்திசாலித்தனம்.

மற்ற ரன்னர்களை வேகமாகப் பார்த்துவிடலாம்.

‘செட்டப்.பை டெஸ்ட்’ என்ற கட்டளை இன்றைக்கும் பழைய பேக்கேஜ் கோப்புகளில் எட்டிப் பார்க்கும். செட்டப்டூல்ஸ் கொடுத்த வசதி. டெஸ்டுக்கு வேண்டிய லைப்ரரி இல்லையென்றால் நெட்டிலிருந்து தானே இறக்கிக்கொள்ளும். பேக்கேஜ் கட்டும் இடத்தில் இதுதான் கூடவே கூடாத குணம். டெபியன் கொள்கைப்படி கட்டும்போது நெட் இணைப்பை நம்பக் கூடாது, பைபில்ட் இதற்காகவே ப்ராக்ஸியை 127.0.0.1-இன் 9-ஆம் போர்ட்டுக்குத் திருப்பிவிடும், அங்கே பொதுவாக யாரும் இருக்கமாட்டார்கள். ஜென்டூவிலும் நெட் அடைக்கப்பட்ட கூண்டுக்குள்தான் கட்டுமானம். 2019-இல் 41.5 பதிப்பில் இந்தக் கட்டளை கைவிடப்படப்போவதாக அறிவித்தார்கள். ஐந்து வருடம் கழித்து, 2024 ஜூலையில் 72.0-இல் நிஜமாகவே எடுத்தார்கள். எடுத்ததும் உலகம் முழுக்க பில்டுகள் சாய்ந்தன. டெஸ்டே ஓட்டாதவர்களுடையதும் சாய்ந்தது. காரணம், ஏகப்பட்ட லைப்ரரிகளின் செட்டப் கோப்பு முதல் வரிகளிலேயே அந்த டெஸ்ட் கட்டளையின் கிளாஸை இம்போர்ட் செய்துகொண்டிருந்தது. 72.1-இல் உடனே திருப்பி வைத்தார்கள். டெஸ்ட் ஓட்டும் முறையைக் கட்டும் முறையோடு முடிச்சுப் போட்டதற்கான விலை அது.

நோஸ் இன்னொரு கதை. கடைசி வெளியீடு 1.3.7, 2015-இல். அதன்பின் ஆறு வருடம், பராமரிப்பே இல்லாமல், பலருக்கும் ஓடிக்கொண்டிருந்தது. 2021-இல் பைத்தான் 3.10 ஒரு பழைய பெயரை எடுத்ததும் நின்றது. லைப்ரரியில் ஒரு பிழையும் இல்லாமல், ரன்னர் செத்ததால் மட்டுமே டெஸ்ட் இழந்த பேக்கேஜ்கள் அப்போது நிறைய.

டாக்ஸ் கொஞ்சம் நியாயமாகப் பேச வேண்டிய விஷயம். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு அருமையான கருவி. பல பைத்தான் பதிப்புகளுக்குத் தனித்தனிச் சூழல் உண்டாக்கி, பைபிஐயிலிருந்து வேண்டியதை இறக்கி, சுத்தமாக ஓட்டும். பேக்கேஜருக்கு வேண்டாதது அந்தச் சுத்தம்தான். அவர் சோதிக்க வேண்டியது பைபிஐயின் புதிய பதிப்புகளோடு அல்ல, தன் விநியோகத்தில் இருக்கும் பதிப்புகளோடு. ஃபெடோரா ஆட்கள் இதற்கு ஒரு பிளகின் எழுதினார்கள். டாக்ஸ் கோப்பில் இருக்கும் கட்டளைகளை எடுத்துக்கொண்டு, புதுச் சூழல் உண்டாக்காமல், இருக்கும் சூழலிலேயே ஓட்டும். சாமர்த்தியம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோப்பில் டெஸ்ட் மட்டுமா இருக்கிறது? கவரேஜ் அளவு, ஸ்டைல் சரிபார்ப்பு, டைப் சரிபார்ப்பு எல்லாம் சேர்ந்து வரும். இவற்றை ஓட்டாதீர்கள் என்று ஃபெடோராவின் வழிகாட்டியே சொல்கிறது. ஒரு வரி 80 எழுத்தைத் தாண்டிவிட்டது என்பதற்காகப் பயனருக்குப் பேக்கேஜ் போகாமல் நிற்பதில் என்ன அர்த்தம்? அதனால் டாக்ஸ் கோப்பை ஒரு குறிப்பாகப் படித்துவிட்டு, அதற்குள் இருக்கும் பைடெஸ்ட் வரியை மட்டும் நேரடியாக எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அப்படி பைடெஸ்டுக்கு வந்தாலும் எல்லாம் சுபம் இல்லை. லைப்ரரியின் அமைப்புக் கோப்பிலேயே கவரேஜ் ஆப்ஷன் எழுதியிருந்தால், அந்தப் பிளகின் இல்லாத இடத்தில் ‘இந்த ஆப்ஷன் தெரியாது’ என்று நின்றுவிடும். எச்சரிக்கைகளைப் பிழையாக்கும் அமைப்பு இருந்தால், வேறொரு லைப்ரரி ஒரு ஃபங்ஷனை விரைவில் எடுக்கப்போவதாக முணுமுணுத்தாலே இங்கே டெஸ்ட் தோற்கும். சிஸ்டத்தில் நிறுவியிருக்கும் எல்லா பைடெஸ்ட் பிளகினும் தானாக ஏறிக்கொள்வது இன்னொரு தலைவலி. அதை நிறுத்த ஒரு சூழல் மாறி உண்டு. நிறுத்திவிட்டு வேண்டியதை மட்டும் பெயர் சொல்லி ஏற்றுவது நல்லது. இவையெல்லாம் சத்தம் போட்டுத் தோற்கிறவை என்பதால் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை.

வருத்தம், டெஸ்டை விலக்கி வைக்கும் முறைகளில். விலக்கித்தான் ஆக வேண்டும். நெட் தேடும் டெஸ்டுகள் இருக்கும். ஹைப்போதிசிஸ் லைப்ரரி இயல்பாக ஒரு உதாரணத்துக்கு 200 மில்லிநொடிதான் தரும், மெதுவான ரிஸ்க்-ஃபைவ் இயந்திரத்தில் அதற்குள் முடியாது. தேதியை நிலையாக எழுதி வைத்த டெஸ்ட் ஒரு நாள் காலையில் காலாவதியாகும். கேள்வி, எப்படி விலக்குகிறோம் என்பது. நிக்ஸ்ஓஎஸ்ஸில் விலக்க வேண்டிய டெஸ்டின் பெயரைப் பட்டியலில் எழுதினால், அது பைடெஸ்டின் பெயர்ப் பொருத்தத்துக்குப் போகும். பெயரின் ஒரு பகுதி பொருந்தினாலும் போதும். டெஸ்ட்_ரீட் என்று ஒன்றை விலக்கினால், டெஸ்ட்_ரீட்_யூனிகோட் என்பதும் கூடவே போய்விடும், உங்களுக்குத் தெரியாமலே. ஜென்டூவில் கோப்பு, கிளாஸ், பெயர் என்று முழு முகவரி எழுத வேண்டும், அதனால் வேறு கோப்பிலோ கிளாஸிலோ இருக்கும் டெஸ்ட் மாட்டாது. ஆனால் அதிலும் ஒரு ஓட்டை: டெஸ்டின் பெயர் மாறிவிட்டால் அந்த வரி எதற்கும் பொருந்தாமல் பட்டியலில் கிடக்கும், பைடெஸ்ட் ஒரு வார்த்தையும் சொல்லாது.

கட்டும்போது டெஸ்ட் ஓட்டுவதற்கு இன்னொரு எல்லையும் உண்டு. அது அன்றைய தேதியின் சான்று மட்டுமே. நாளைக்குச் சார்பு லைப்ரரி ஒன்று புதுப் பதிப்பு வந்தால், நம் பேக்கேஜ் மறுபடி கட்டப்படாது, டெஸ்டும் ஓடாது. இங்கே டெபியனுக்கு இணை கிடையாது என்பேன். ஆட்டோ-பிகேஜி-டெஸ்ட் என்ற அமைப்பு, நிறுவப்பட்ட பேக்கேஜை எடுத்து டெஸ்ட் ஓட்டும். ஒரு லைப்ரரி புதுப்பிக்கப்படும்போது அதை நம்பியிருக்கும் மற்ற பேக்கேஜ்களின் டெஸ்டையும் ஓட்டி, ஏதாவது புதிதாகத் தோற்றால் அந்தப் புதுப்பிப்பை டெஸ்டிங் கிளைக்குப் போகவிடாமல் நிறுத்தும். என் இரண்டு கேள்விகளில் இரண்டாவதற்கு இதைவிட நல்ல பதிலை நான் பார்க்கவில்லை. விடுமுறை ஜேசன் கதை அங்கே நடந்திருந்தால் முதல் நாளே மாட்டியிருக்கும், அந்தப் பொங்கல் டெஸ்ட் அங்கே ஓடும்படி எழுதப்பட்டிருந்தால். இதற்கும் யாராவது உட்கார்ந்து எழுதத்தான் வேண்டும்.

எங்கள் ஸ்கிரிப்டில் இப்போது என்ன இருக்கிறது என்றால்: பேக்கேஜைக் கட்டி, வெறும் கன்டெய்னரில் நிறுவி, டெஸ்ட் ஃபோல்டரை மட்டும் ஒரு தற்காலிக இடத்துக்கு நகலெடுத்து, அங்கிருந்து பைடெஸ்ட். பிளகின் தானாக ஏறுவது நிறுத்தம். ஓடின டெஸ்டுகளின் எண்ணிக்கை போன முறையைவிடக் குறைந்தால் பில்ட் நிற்கும். குறைந்தது சரிதான் என்றால் ஒரு கோப்பில் புது எண்ணைக் கையால் எழுத வேண்டும். இந்தக் கடைசி விஷயம் டீமில் எல்லோருக்கும் எரிச்சல். நியாயமான எரிச்சல்தான், இரண்டு டெஸ்டை ஒன்றாகச் சேர்த்து எழுதினால்கூட நிற்கிறது. அந்தத் தம்பி, "அண்ணா, இதுக்கு அந்த ட்ரூவே மேல்" என்றான்.

விலக்கின டெஸ்ட் மூன்று இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எதிரில் காரணம் எழுத வேண்டும் என்பது விதி. ஒன்றுக்கு ‘நெட் வேண்டும்’, ஒன்றுக்கு ‘ஏஆர்எம் இயந்திரத்தில் நேரம் போதவில்லை’. மூன்றாவதுக்கு ‘பிறகு பார்க்கலாம்’ என்று இருக்கிறது. அதுவும் நான் எழுதினதுதான், எதற்கென்று ஞாபகம் இல்லை. இதை எழுதி முடித்ததும் அதைத் திறக்க வேண்டும்.